பாஸ்வேர்டை மாற்றியாயிற்று, மேனேஜர் இன்னும் பழையதையே நிரப்புகிறது: புதியது எங்கே போனது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக, பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தானாக நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைப் பயன்படுத்துகிறீர்கள். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டாக வைத்திருந்ததை இப்போது ஒவ்வொரு தளமாகப் போய் மாற்றிக்கொண்டு வருகிறீர்கள். தளம் 'மாற்றப்பட்டது' என்கிறது, ஆனால் அடுத்த முறை உள்ளே நுழையும்போது மேனேஜர் பழையதையே கொண்டுவந்து நிரப்புகிறது. சில தளங்களில் நிலைமை இன்னும் மோசம்: புதியது மேனேஜரில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் புதியதைப் போட்டாலும் தவறு, பழையதைப் போட்டாலும் தவறு. ஒரு கணக்கு இன்றுவரை திறக்கவில்லை. பேசாமல் வேறு மேனேஜருக்கு மாறிவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். மாறுவதைப் பற்றிக் கடைசியில் பேசலாம். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, புதிய பாஸ்வேர்டு எந்த இடத்தில் தொலைகிறது, மிச்சமிருக்கும் தளங்களை இந்தத் தொல்லை இல்லாமல் எப்படி மாற்றுவது என்பதுதான்.

நான் பல வருடங்களாக அலுவலகக் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலையில் இருப்பவன். அதற்கு முன் வலைத்தளங்களுக்கு லாகின் படிவங்கள் எழுதியிருக்கிறேன். ஆகவே இந்தப் பிரச்சினையை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் எந்த மேனேஜர், எந்த பிரவுசர் என்று எழுதவில்லை. அதனால் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்துவதைச் சொல்கிறேன், மெனுக்களின் பெயர் உங்களிடம் கொஞ்சம் வேறாக இருக்கலாம்.

முதலில் ஒன்று. தளமும் மேனேஜரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினீர்கள் என்ற செய்தியைத் தளம் மேனேஜருக்கு அனுப்புவது கிடையாது. மேனேஜர் செய்வதெல்லாம் ஊகம். பக்கத்தில் பாஸ்வேர்டு வகைக் கட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்க்கிறது. மூன்று இருந்தால், முதலாவது பழையது, அடுத்த இரண்டும் புதியது என்று கணக்குப் போடுகிறது. இரண்டே இருந்தால் கணக்கு குழம்புகிறது: பழையதும் புதியதுமா, அல்லது புதியதை இரண்டு முறை கேட்கிறார்களா? படிவம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் 'கரன்ட்-பாஸ்வேர்டு', 'நியூ-பாஸ்வேர்டு' என்று ஆட்டோகம்ப்ளீட் குறிப்பு ஒன்றைச் சேர்த்தால் ஊகத்துக்கு வேலையே இல்லை. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். தரத்திலேயே அது இருக்கிறது, ஒரு வரிதான். ஆனாலும் எழுதாமல் விட்டுவிடுகிற தளங்கள் ஏராளம்.

'சேமிக்கவா, புதுப்பிக்கவா' என்று மேனேஜர் கேட்கும் நேரமும் ஊகம்தான். படிவம் அனுப்பப்பட்டு பக்கம் மாறினால் மாற்றம் நடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கேட்கும். இப்போதைய தளங்கள் பலவற்றில் பக்கம் மாறுவதே இல்லை. பட்டனை அழுத்தினால் பின்னாலேயே தகவல் போய், மேலே பச்சையில் 'வெற்றி' என்று ஒரு வரி வந்து மறைந்துவிடும். மேனேஜர் அதைக் கவனிக்கத் தவறினால் கேள்வியே வராது. கேள்வி வந்தாலும் மூலையில் சின்னதாக வரும். நீங்கள் அதற்குள் டேப்பை மூடியிருப்பீர்கள், அல்லது தளம் உங்களை வெளியேற்றி லாகின் பக்கத்துக்கு அனுப்பியதில் அந்தப் பெட்டி காணாமல் போயிருக்கும். பழையதே நிரம்புகிறது என்று நீங்கள் சொல்லும் தளங்களில் பெரும்பாலும் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

சரி, அப்படித் தொலைந்த பாஸ்வேர்டு எங்கே இருக்கும்? நல்ல செய்தி, பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். மேனேஜர் உருவாக்கிக் கொடுத்த பாஸ்வேர்டு என்றால், முதலில் ஜெனரேட்டரை (பாஸ்வேர்டு உருவாக்கித் தரும் பகுதியை) திறந்து அங்கே 'வரலாறு' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்டு என்ற மேனேஜர்கள் இரண்டிலும் இருக்கிறது. உருவாக்கியவை நேரத்தோடு அங்கே கிடக்கும், நீங்கள் அதைச் சேமித்தீர்களோ இல்லையோ. தளத்திலிருந்து 'உங்கள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது' என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்குமே, அதன் நேரத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னால் உருவானது எது என்று தேடினால் கிடைத்துவிடும். பிட்வார்டனில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: இந்த வரலாறு அந்தந்தக் கருவியோடு நிற்பது. லேப்டாப்பில் உருவாக்கியதைப் போனில் தேடினால் கிடைக்காது. பிரவுசரில் சேர்த்திருக்கும் மேனேஜரின் எக்ஸ்டென்ஷனை (துணைநிரலை) நீக்கி மறுபடி போட்டாலோ, அதிலிருந்து லாக்-அவுட் செய்தாலோ அதுவும் போய்விடும். 'ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்' என்கிற வழக்கமான யோசனையை இந்த இடத்தில் கேட்கவே கேட்காதீர்கள்.

அங்கே இல்லையென்றால் அடுத்து அந்தத் தளத்துக்கான பதிவைத் திறந்து அதன் சொந்த வரலாற்றைப் பாருங்கள். பிட்வார்டன் ஒவ்வொரு பதிவுக்கும் கடைசி 5 பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும். கீபாஸ், கீபாஸ்எக்ஸ்சி வகையறா மேனேஜர்களில் முழுப் பதிவின் பழைய வடிவங்களே கிடைக்கும். இது தலைகீழான பிரச்சினைக்கும் உதவும், அதாவது மேனேஜர் புதியதைச் சேமித்துவிட்டது, தளமோ ஏற்கவில்லை என்கிற நிலை. இது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. 'சிறப்பு எழுத்து ஒன்று கட்டாயம்' என்று தளம் சிவப்பில் திட்டிக்கொண்டிருக்கும், ஆனால் படிவம் அனுப்பப்பட்டுவிட்டது என்பதால் மேனேஜர் மாற்றிச் சேமித்திருக்கும். அப்போது தளத்துக்குத் தெரிந்தது பழையது மட்டும்தான், அது வரலாற்றில் இருக்கும்.

மூன்றாவதாக, இரட்டைப் பதிவு. வால்ட்டில், அதாவது மேனேஜர் எல்லாவற்றையும் பூட்டிவைக்கும் பெட்டகத்தில், தளத்தின் பெயரைத் தேடினால் ஒன்றுக்கு இரண்டாக வரலாம். மாற்றும் பக்கத்தில் பெரும்பாலும் யூசர்நேம் கட்டமே இருக்காது. அதனால் மேனேஜருக்கு இது யாருடைய பாஸ்வேர்டு என்று தெரியாமல், யூசர்நேம் காலியாக ஒரு புதுப் பதிவை உண்டாக்கிவிடும். சில சமயம் பக்கத்திலிருக்கும் வேறொரு கட்டத்தை, போன் எண்ணையோ தேடல் கட்டத்தில் இருந்ததையோ, யூசர்நேம் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் மின்னஞ்சல் முகவரியை வைத்துத் தேடினால் இந்தப் பதிவு அகப்படாது, தளத்தின் பெயரை வைத்துத் தேட வேண்டும். கணக்குப் பக்கங்களைத் தனி டொமைனில் வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. பாஸ்வேர்டு மாற்றிய முகவரி ஒன்று, லாகின் செய்யும் முகவரி இன்னொன்று. இரண்டும் ஒரே தளம் என்பது உங்களுக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது. போன் ஆப்புக்குள் மாற்றியிருந்தாலும் இதே கதைதான்: ஆண்ட்ராய்டில் ஆப்பின் அடையாளத்தோடு தனிப் பதிவாகச் சேர்ந்து, தளத்தின் பதிவு பழையபடியே நிற்கலாம். தேதி வாரியாக வரிசைப்படுத்தினால் கண்ணில் படும். ஃபயர்ஃபாக்ஸின் சொந்தப் பாஸ்வேர்டு பக்கத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் எப்போது உருவானது, எப்போது மாறியது என்றே காட்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் தனி மேனேஜர் ஒன்றைப் போட்டிருந்தாலும், பிரவுசரின் சொந்த மேனேஜர் பின்னால் சும்மா இருப்பதில்லை. குரோம், எட்ஜ், சஃபாரி எல்லாவற்றிலும் ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் ஒரே கட்டத்தை நிரப்பப் போட்டிபோடுவார்கள். உருவாக்கியது ஒருவர், சேமித்தது இன்னொருவர், அடுத்த முறை நிரப்புவது யார் முந்துகிறாரோ அவர். 'மேனேஜர் பழையதையே நிரப்புகிறது' என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு, நிரப்பியது அவர்கள் நினைத்த மேனேஜரே இல்லை. கட்டத்தில் கிளிக் செய்தால் தொங்கும் பட்டியலில் யாருடைய சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷனைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தும் கட்டம் தானாக நிரம்பினால், அது பிரவுசரின் வேலை. பிரவுசரில் சேமித்திருப்பவற்றை உங்கள் மேனேஜருக்குக் கொண்டுவந்த பிறகு, 'பாஸ்வேர்டுகளைச் சேமிக்கச் சொல்' என்ற அமைப்பையும் தானாக நிரப்புவதையும் பிரவுசரில் அணைத்துவிடுங்கள். கொண்டுவருவதற்கு முன் அங்கே எதையும் அழிக்க வேண்டாம். தொலைந்த பாஸ்வேர்டு அதற்குள்தான் இருக்கலாம்.

இனி அந்தக் கஷ்டமான நிலை, பழையதும் புதியதும் இரண்டுமே வேலை செய்யாதது. இதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது நீளத்தை. மேனேஜர் 24 எழுத்தில் ஒன்றை உருவாக்கித் தருகிறது என்று வையுங்கள். நீங்கள் அதை காப்பி செய்து மாற்றும் பக்கத்தில் ஒட்டுகிறீர்கள். அந்தக் கட்டத்துக்குத் தளம் 16 எழுத்து என்று உச்சவரம்பு வைத்திருந்தால், ஒட்டும்போது பிரவுசர் முதல் 16 எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. கட்டத்தில் தெரிவதெல்லாம் புள்ளிகள், யார் எண்ணுகிறார்கள்? 'மறுபடி உள்ளிடவும்' என்ற இரண்டாவது கட்டத்திலும் அதே வெட்டு விழுவதால் இரண்டும் பொருந்திவிடும், தளமும் 'வெற்றி' என்று சொல்லிவிடும். உங்கள் மேனேஜரிலோ 24 எழுத்தும் முழுசாக இருக்கிறது. லாகின் பக்கத்தில் அந்த வரம்பு இல்லை. 24 எழுத்தும் போகிறது, தளத்திடம் இருப்பது 16-க்கானது, தவறு என்கிறது. வெட்டு சர்வருக்குள்ளும் நடக்கலாம், அப்போது படிவத்தைப் பார்த்து எதுவும் தெரியாது.

இதைச் சோதிப்பது எளிது. தளத்தின் விதிகளில் 'அதிகபட்சம் இத்தனை எழுத்து' என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மேனேஜரில் இருக்கும் புதிய பாஸ்வேர்டின் முதல் அத்தனை எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். விதி எழுதியிருக்கவில்லை என்றால் 'புதிய பாஸ்வேர்டு' கட்டம் இருக்கும் பக்கத்தில் நீளமான எதையாவது தட்டிப் பாருங்கள், ஓர் இடத்துக்கு மேல் எழுத்து ஏற மறுக்கும். கண் சின்னம் இருந்தால் அழுத்திவிட்டு எண்ணிக்கொள்ளலாம். உள்ளே போகவே முடியவில்லையென்றால் புதுக்கணக்கு தொடங்கும் பக்கத்தில் இதே சோதனையைச் செய்யலாம், பதிவு செய்யத் தேவையில்லை. மனம்போனபடி 12, 14, 16, 20 என்று வரிசையாக முயற்சி செய்ய வேண்டாம், சில தவறுகளுக்கு மேல் கணக்கே பூட்டிக்கொள்ளலாம். ஒன்றிரண்டு முறைக்கு மேல் போகாமல் நிறுத்திவிட்டு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' வழிக்குப் போய்விடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, பல நேரம் அதுதான் சீக்கிரமான வழி.

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, குறைந்தது 64 எழுத்துவரை தளங்கள் அனுமதிக்க வேண்டும், ஒட்டுவதைத் தடுக்கக் கூடாது, பாஸ்வேர்டைச் சத்தமில்லாமல் வெட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இந்த வெட்டில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, மேனேஜரின் தப்பும் இல்லை. தொழில்நுட்பக் காரணத்தோடு வரும் வரம்பு ஒன்று உண்டு: பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கப் பரவலாகப் பயன்படும் பிகிரிப்ட் முறை 72 பைட்டுக்கு மேல் கணக்கில் எடுக்காது. ஆங்கில எழுத்தில் 72 என்பது தாராளம். ஆனால் தமிழிலேயே சொற்றொடர் பாஸ்வேர்டு வைப்பவர்கள் கவனிக்க வேண்டும், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். மெய்யெழுத்தில் புள்ளி தனிக் குறியீடு, துணைக்காலும் தனி. 24 குறியீட்டிலேயே 72 ஆகிவிடும். தமிழ்ப் பாஸ்வேர்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, பல தளங்கள் அதை ஏற்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

நீளத்துக்கு அடுத்தபடி சிறப்பு எழுத்துகள். கோண அடைப்பு, மேற்கோள் குறி, ஆம்பர்சாண்ட் போன்றவற்றைச் சில பழைய தளங்கள் பாதுகாப்பு என்ற பெயரில் வேறாக மாற்றிவிடும், அல்லது நீக்கிவிடும். மாற்றும் பக்கத்தில் ஒரு விதமாகவும் லாகின் பக்கத்தில் ஒரு விதமாகவும் நடந்தால் பொருந்தாது. இது நடக்கிறது என்பது உறுதி, ஆனால் உங்கள் தளத்தில் அதுதான் நடந்ததா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான், அடுத்த முறை அந்தத் தளத்துக்கு மட்டும் ஜெனரேட்டரில் சிறப்பு எழுத்துகளை அணைத்துவிட்டு எழுத்தும் எண்ணும் மட்டுமாக 16 எழுத்தில் உருவாக்குங்கள். 16 எழுத்தும் தற்செயலாக அமைந்தது என்றால் சிறப்பு எழுத்து இல்லாததால் பெரிய நஷ்டம் கிடையாது. சிறப்பு எழுத்து கட்டாயம் என்று தளம் அடம்பிடித்தால் கோடு, அடிக்கோடு, ஆச்சரியக்குறி இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு சரியாகவே இருந்தும் உள்ளே விடாத ஒரு நிலையும் உண்டு. மின்னஞ்சல் கணக்கு, அலுவலகக் கணக்கு போன்றவற்றில் அடிக்கடி பார்ப்பது. கணினியில் மாற்றிவிட்டீர்கள், ஆனால் போனில் இருக்கும் மெயில் ஆப், ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் டேப்லெட், இவற்றில் பழைய பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறது. அவை சில நிமிடத்துக்கு ஒருமுறை பழையதை வைத்துக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். தளம் அதை யாரோ திருட முயல்வதாக நினைத்துக் கணக்கைப் பூட்டிவிடும். அப்போது நீங்கள் சரியானதைப் போட்டாலும் சில தளங்கள் 'பூட்டியிருக்கிறது' என்று சொல்லாமல் 'தவறு' என்றே சொல்லும். அந்தக் கருவிகளில் எல்லாம் இணையத்தை நிறுத்திவிட்டு, பூட்டு விலகும்வரை காத்திருந்து, பிறகு ஒரே ஒரு முறை கையால் தட்டிப் பாருங்கள். உங்கள் திறக்காத கணக்கு இந்த வகையாக இருந்தால் இதை முதலில் செய்யுங்கள். எது என்று நீங்கள் எழுதாததால் நான் அடித்துச் சொல்ல முடியாது.

போனில் பழையது, லேப்டாப்பில் புதியது என்று வந்தால் அது வெறும் ஒத்திசைவுத் தாமதம். மேனேஜர் ஆப்பைத் திறந்து 'சிங்க்' செய்தால் சரியாகும். கீபாஸ் கோப்பை கிளவுடில் வைத்துப் பயன்படுத்துகிறவராக இருந்தால் மட்டும் கொஞ்சம் பாருங்கள், இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் 'முரண்பட்ட நகல்' என்று இன்னொரு கோப்பு உருவாகியிருக்கும், புதியது அதில் இருக்கும். கீபாஸிலேயே இரண்டையும் இணைக்க வசதி இருக்கிறது.

இப்போது மிச்சமிருக்கும் தளங்கள். மேனேஜர் கேட்கும்வரை காத்திருப்பதை விட்டுவிடுங்கள், வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் மேனேஜருக்குள் போய் அந்தத் தளத்தின் பதிவைத் திறந்து, திருத்து, புதிய பாஸ்வேர்டை அங்கேயே உருவாக்கி, சேமித்துவிடுங்கள். பழையது பதிவின் வரலாற்றில் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வரலாறு இல்லாத மேனேஜர் என்றால், பழையதைக் குறிப்புப் பகுதியில் ஒட்டிவையுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். பிறகு தளத்தின் மாற்றும் பக்கத்துக்குப் போய், பழைய கட்டத்தில் பழையதை வரலாற்றிலிருந்தும், புதிய கட்டங்கள் இரண்டிலும் புதியதைப் பதிவிலிருந்தும் நீங்களே காப்பி செய்து ஒட்டுங்கள். தானாக நிரப்ப விடாதீர்கள். எதை எங்கே போட்டது என்று தெரியாத குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சில மேனேஜர்கள் கிளிப்போர்டைச் சில விநாடிகளில் துடைத்துவிடும் என்பதால், இரண்டாவது கட்டத்தில் ஒட்டும்போது காலியாக வந்தால் பதற வேண்டாம், மறுபடி காப்பி செய்யுங்கள். கண் சின்னம் இருந்தால் அழுத்திக் கடைசி மூன்று எழுத்தைப் பதிவோடு ஒப்பிடுங்கள். வெட்டு விழுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இவ்வளவும் ஆன பிறகு மேனேஜர் 'புதுப்பிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏற்கெனவே சேமித்தாயிற்று.

தளம் 'மாற்றப்பட்டது' என்று சொன்னதும் அந்த டேப்பை மூடாதீர்கள், லாக்-அவுட்டும் செய்யாதீர்கள். வேறொரு பிரவுசரில், அல்லது மறைநிலை விண்டோவில், அதே தளத்தைத் திறந்து புதியதைப் போட்டு உள்ளே போகிறதா என்று பாருங்கள். குரோமின் மறைநிலையில் எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாக வேலை செய்யாது, அதனால் மேனேஜர் அங்கே தலைகாட்டாவிட்டால் கோளாறு என்று நினைக்க வேண்டாம், ஒட்டிக்கொள்ளுங்கள். உள்ளே போனால் முடிந்தது. போகவில்லை என்றால் பழைய டேப் இன்னும் திறந்திருக்கிறது, அங்கிருந்தே குறைவான நீளத்தில் மறுபடி மாற்றலாம். எந்த எழுத்து உள்ளே போனது என்று தெரியாததால் சில தளங்களில் 'பழைய பாஸ்வேர்டு' கட்டமே உங்களை மறிக்கும், அப்போது மறந்துவிட்டது வழிதான். இருந்தாலும் உள்ளே இருக்கும்போது மின்னஞ்சல் முகவரி, போன் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அந்த டேப் உதவும். ஏனென்றால் ரீசெட் லிங்க் அங்கேதான் வரும்.

அதே காரணத்துக்காக, உங்கள் முதன்மை மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டை இந்த முறை கைக்குப் பழகிய பிறகு மாற்றுங்கள், ஆனால் ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள். எங்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தவர் என்றால் முக்கியமாக மாற வேண்டியது அதுதான். அதன் மீட்பு எண், காப்புக் குறியீடுகள் (வேறு வழியில்லாதபோது உள்ளே போகத் தளம் முன்கூட்டியே தருபவை) எல்லாம் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தொலைந்தாலும் பரவாயில்லாத ஒரு கணக்கில் முதலில் ஒத்திகை பாருங்கள். மேனேஜரையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் இந்த வேலையோடு சேர்த்து மாற்றாதீர்கள். அது வேறு வகை. அதை மறந்தால் பெரும்பாலான மேனேஜர்களில் மின்னஞ்சலுக்கு லிங்க் வராது, அந்த நிறுவனத்தாலும் வால்ட்டைத் திறந்து கொடுக்க முடியாது.

இரட்டைப் பதிவுகளைச் சுத்தம் செய்யும்போது ஒரு கண்ணி இருக்கிறது, அதில் மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய பதிவு, புதிய பதிவு என்று இரண்டு இருக்கும், புதியதில்தான் சரியான பாஸ்வேர்டு, சரி பழையதை அழித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் இரண்டாம்கட்டக் குறியீட்டின் ரகசிய விதை (அந்தக் குறியீடுகளை உருவாக்கும் மூலச்சாவி), தளத்துக்கான பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உள்ளே விடும் டிஜிட்டல் சாவி), காப்புக் குறியீடுகள் எழுதிய குறிப்பு, இவையெல்லாம் பழைய பதிவில்தான் இருக்கும். அதை அழித்தால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே போக முடியாது. ஆகவே எப்போதும் பழைய பதிவை வைத்துக்கொண்டு, புதிய பாஸ்வேர்டை அதற்குள் நகர்த்திவிட்டு, புதிதாக முளைத்ததை அழியுங்கள். ஏற்கெனவே அழித்திருந்தால் குப்பைத்தொட்டியைப் பாருங்கள், பிட்வார்டனில் 30 நாள்வரை இருக்கும். பாஸ்கீ பற்றி இன்னொன்று: பாஸ்வேர்டை மாற்றினால் பாஸ்கீயும் மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம், அது தனிச்சாவி. யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தில் மாற்றுகிறீர்கள் என்றால், கணக்கில் பதிவாகியிருக்கும் பாஸ்கீகள், உள்நுழைந்திருக்கும் கருவிகள் இரண்டின் பட்டியலையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

சில தளங்களில் மாற்றும் பக்கமே கண்ணில் படாது. தளத்தின் முகவரிக்குப் பின் சாய்கோடு, புள்ளி, 'வெல்-நோன்', சாய்கோடு, 'சேஞ்ச்-பாஸ்வேர்டு' என்று ஆங்கிலத்தில் (/.well-known/change-password) தட்டினால் நேராக அங்கே கொண்டுபோகும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சஃபாரியும் குரோமும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. எல்லாத் தளங்களும் வைத்திருப்பதில்லை, ஆனால் முயன்று பார்க்க ஐந்து விநாடி போதும். கூகுள், ஆப்பிள் கணக்கு வழியாக நுழைந்த தளமாக இருந்தால், மாற்றுவதற்கு அங்கே பாஸ்வேர்டே இருக்காது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடைசியாக, வேறு மேனேஜருக்கு மாறலாமா? இந்தக் காரணத்துக்காக வேண்டாம். படிவத்தை ஊகிப்பதில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது, உண்மைதான், ஆனால் எல்லாமே ஊகிக்கத்தான் செய்கின்றன. நீளத்தில் வெட்டுகிற தளம் எந்த மேனேஜரோடும் வெட்டும். ஜெனரேட்டர் வரலாறோ பதிவு வரலாறோ இல்லாத மேனேஜர் உங்களுடையது என்றால் மட்டும் மாறுவதில் நியாயம் இருக்கிறது, அதுவும் இப்போது பாதியில் நிற்கும் கணக்குகளை எல்லாம் சரிசெய்த பிறகு. முன்னாலேயே மாறினால் வரலாறு கூடவே வராது: பொதுவாக சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது இப்போதைய பாஸ்வேர்டு மட்டும்தான் போகும், பழையவை போகாது, பாஸ்கீயும் போகாது. அந்த சி.எஸ்.வி. கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் யார் திறந்தாலும் படிக்கும்படி வெறும் எழுத்தாக இருக்கும். இறக்குமதி முடிந்து, பத்துப் பதினைந்து பதிவுகளைச் சரிபார்த்ததும், டவுன்லோட் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அதை அழித்துவிடுங்கள். அந்த ஃபோல்டர் கிளவுடில் தானாக ஏறுகிறதா என்றும் பார்த்து, ஏறியிருந்தால் அங்கே இருக்கும் நகலையும் சேர்த்து அழியுங்கள்.